உலகம்மையின் கழுத்து

மஞ்சள் கயிறு இருந்ததா, இல்லையா. கைலாசத்துக்கு அதுதான் பிடிபடவில்லை. காலையில் மனைவி உலகம்மை காப்பி கொண்டுவந்து வைத்தது நினைவிருந்தது. டம்ளருக்குள் நுரை ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது நினைவிருந்தது. அவள் தோளில் போட்டிருந்த துண்டு, நீலக்கட்டம் போட்டது, அதன் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து தொங்கியதுகூடக் கண்ணில் நின்றது. துண்டுக்குள்ளே கழுத்து இருந்திருக்க வேண்டும். கழுத்து இல்லாமல் ஒரு மனுஷி காப்பி கொண்டுவர முடியாது. ஆனால் அந்தக் கழுத்தில் என்ன கிடந்தது என்று யோசித்தால் அந்த இடம் மட்டும் தண்ணீர் பட்ட எழுத்துபோலக் கலங்கிப்போனது. அவளுடைய தாலி இப்போது இவனுடைய சட்டைப் பையில் இருந்தது. நாட்காட்டித் தாளைக் கிழித்து, கோயிலில் திருநீறு மடிக்கிற மாதிரி மடித்து, காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். பொதுவாக என்ன செய்வார்கள்? தாலியைக் கழற்ற வேண்டி வந்தால் முதலில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள், அதற்குப் பிறகுதான் பழையதைக் கழற்றுவார்கள், ஒரு நிமிஷம்கூடக் கழுத்து வெறுமனே இருக்கக் கூடாது. அவன் அம்மா அப்படித்தான் செய்வாள், அத்தைகள் அப்படித்தான். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்வதில்லை. உலகம்மையும் செய்திருப்பாள். செய்திருப்பாளா? பேச்சிமுத்து ஆசாரியின் பட்டறையில், கால் ஆடுகிற ஸ்டூலில், மகளின் தாலிக்குப் பொன்னுருக்க வந்து உட்கார்ந்திருக்கிற தகப்பன் இதையா யோசிப்பான்? டவுனில் கீழ ரத வீதியை ஒட்டிய முடுக்குச் சந்துக்குள் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. சுவரில் ஒரு காற்றாடி ஓடியது, காற்றெல்லாம் சுவருக்கே போய்க்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, நல்ல நேரம் போய்ட்டிருக்கு. போட்டுருவமா?” என்றார் ஆசாரி. பொன் உருக்குகிற மண்கிண்ணமான மூசைக்குள் சம்பந்தியம்மாவின் பழைய மோதிரம் ஏற்கெனவே கிடந்தது. மாப்பிள்ளை நிமலன் நேற்றே வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான். இரண்டு வீட்டுப் பழைய நகையையும் ஒன்றாக உருக்கி அதிலிருந்து தாலி. அது மகள் ஆதிரையின் ஏற்பாடு. ஊர் வழக்கப்படி பார்த்தால் தாலி மாப்பிள்ளை வீட்டுக் காரியம், பெண் வீட்டுத் தங்கம் அதில் ஒரு குன்றிமணிகூடச் சேராது. அந்த வழக்கத்தை ஒரு வீடியோ காலில் புரட்டிப்போட்டவள் ஆதிரை. புதுத் தங்கம் வேண்டாம், பூமியைத் தோண்டி எடுத்தது வேண்டாம், ஏற்கெனவே உலகத்தில் இருக்கிறதே போதும். “ஒரு மோதிரத்துக்கு எவ்ளோ மண்ணத் தோண்டணும் தெரியுமாப்பா?” தெரியும். அவளைவிட நன்றாகவே தெரியும். கைலாசம் இருபது வருஷத்துக்கு மேல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு தங்கச் சுரங்கத்துக்குக் கணக்குப் போட்ட பொறியாளன். எந்தச் சரிவில் வெடி வைத்தால் எவ்வளவு மண் பெயரும், மண்ணில் எவ்வளவு பொன் தேறும் என்பது அவன் வேலை. அந்தக் குழியின் விளிம்பில் நின்று பார்த்தால் கீழே லாரிகள் எறும்புபோல ஊரும், லாரியின் ஒரு டயரே ஆள் உயரத்துக்கு மேல் என்பது கிட்டப் போனால்தான் தெரியும். ஆதிரை பள்ளிக்கூடம் போனது அந்தக் குழியிலிருந்து. பியானோ கற்றது, பல்லுக்குக் கம்பி போட்டது, சுற்றுச்சூழல் படித்தது எல்லாமே அந்தக் குழியிலிருந்துதான். அதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவளும் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவளுடைய மௌனத்துக்குத்தான் முனை அதிகம்.

வேலையிலிருந்து விடைபெறும்போது கம்பெனியில் கொடுத்த தங்கக் காசு ஒன்று பீரோவில் கிடந்தது. கல்யாணத்துக்கு ஊர் வந்த ஆதிரையிடம் அதை எடுத்து நீட்டினான். “இது பழசுதானேம்மா, நமக்கு வந்தே ரெண்டு வருஷம் ஆச்சு.” ஆதிரை தொடவில்லை. “அப்பா, இது குழியிலேர்ந்து நேரா நம்ம வீட்டுக்கு வந்தது.” “எல்லாத் தங்கமும் ஏதாவது ஒரு குழியிலேர்ந்துதான் வருது. அம்மா தாலி மட்டும் மரத்துலயா காய்ச்சுது?” என்று விளையாட்டாகத்தான் கேட்டான். அப்போது அடுக்களையிலிருந்து வெங்காயத் தோலை உதறிக்கொண்டே உலகம்மை சொன்னாள். “என் தாலியையே எடுத்துக்கோ. அதைவிடப் பழசு இந்த வீட்ல வேற என்ன இருக்கு?” ஆதிரை ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள், அழுதாள், ‘சோ பியூட்டிஃபுல்’ என்றாள். கைலாசமும் சிரித்துவைத்தான். சிரிக்க வேண்டிய இடம்போல இருந்தது. அந்தச் சிரிப்பு தணிந்த பிறகுதான் வாக்கியம் உள்ளே இறங்க ஆரம்பித்தது. என் தாலியையே எடுத்துக்கோ. அந்த ‘ஏ’யில் என்ன இருந்தது? தாராளமா? சலிப்பா? இனி எனக்கு எதற்கு என்பதா? வெங்காயத் தோலை உதறிய அதே கையால் சொன்னாளே. இந்தக் கல்யாணத்தில் எல்லாவற்றுக்கும் மூலம் விசாரித்தாகிவிட்டது. பட்டில் புழு செத்ததா, பூ எந்த ஊரிலிருந்து லாரி ஏறியது, பரிமாறுகிறவர்களுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் உண்டா, பாக்குமட்டைத் தட்டு கழுவின தண்ணீர் எங்கே போகிறது. ஒன்றை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. கட்டின பெண்ணின் கழுத்திலிருந்து ஒரு தாலி என்ன மனசோடு இறங்கியது என்று.

செல்பேசி துடித்தது. ஆதிரையின் குரல் செய்தி. “அப்பா, மண்டபத்துல வாழை மரம் கட்டியே தீருவேன்னு அடம் பிடிக்கறாங்க. குலையோட வெட்டின மரம்ப்பா. தொட்டியில வேரோட வைக்கச் சொல்லுங்க, ப்ளீஸ்.” சொல்லிப் பார்த்தாயிற்று. மண்டபத்துக்காரர் போனிலேயே சிரித்தார். “சார், தொட்டியில வச்சா அது வாழை மரம் இல்ல, நர்சரி. வாரவுக இது கல்யாணமா, கன்னு விக்கிற கடையான்னு கேப்பாக.” கைலாசத்துக்கும் உள்ளூரச் சிரிப்பு வந்தது. ஆனால் மகள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. மண்டபத்துக்காரர் சொல்வதிலும் இருந்தது. இப்போதெல்லாம் இப்படித்தான், யார் பேசினாலும் அவர் பக்கம் சரி என்று படுகிறது, எதிர்ப்பக்கம் பேசினால் அதுவும். இங்கிலீஷில் யோசித்தால் ஒன்று சரியாக இருக்கிறது, தமிழில் யோசித்தால் இன்னொன்று. தாலி என்பது ஒரு உலோகத் துண்டு, கழற்றலாம், உருக்கலாம், மறுசுழற்சி. தாலி என்பது தாலி. இரண்டு வாக்கியமும் அவனுக்குள் ஒரே கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தன. முதுகைக் காட்டி. அந்த நினைப்பே போகக் கூடாத வேறு இடத்துக்குப் போனது. அவன் மூசையைப் பார்த்தான்.

“வீட்டுல மயினி நல்லாத்தான இருக்காவ?” ஆசாரி சட்டென்று கேட்டார். கேட்டுவிட்டுச் சங்கடப்பட்டதுபோல ஊதுகுழாயைத் துணியால் துடைத்தார். “தப்பா எடுத்துக்காதீய. தாலிய உருக்கக் கொண்டாந்தா எங்களுக்கு ஒரு இது. பொதுவா... ஆள் இல்லைன்னாத்தான் கொண்டாருவாக.” “நல்லா இருக்கா,” என்றான் கைலாசம். “வீட்ல இருக்கா. அவளேதான் கொடுத்தா.” “அப்பச் சரி. பிள்ளைக்குன்னு தாய் குடுக்கிறதுல என்ன இருக்கு.” ஆசாரி சமாதானமாகிவிட்டார். கைலாசத்தால் ஆக முடியவில்லை. ஆள் இல்லைன்னாத்தான். யார் இல்லை? தாலி உருக்கப் போகிறது என்றால் போனவன் புருஷன். அப்படியானால் இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது யார்? நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். பொட்டலம்தான் தட்டுப்பட்டது. தாளில் நேற்றைய தேதி பெரிதாகச் சிவப்பில். நேற்றும் அவள் பேசவில்லை. பேசினாள், எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொன்னாள், மோட்டாரை நிறுத்துங்கள் என்று சொன்னாள். அதற்குப் பெயர் பேச்சு என்றால் பேசினாள்.

அந்தத் தாலி பெர்த்தில் ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே போய்வந்தது. பித்தப்பையில் கல். நகை எதுவும் கூடாது என்று நர்ஸ் சொன்னாள். உலகம்மை வளையலைக் கழற்றினாள், கம்மலைக் கழற்றினாள், மூக்குத்தியைச் சோப்புப் போட்டுக் கழற்றினாள், தாலியில் வந்து நின்றுவிட்டாள். மாற்றிக் கட்ட மஞ்சள் துண்டு இல்லை. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் மஞ்சள் துண்டுக்கு எங்கே போவது? இவன் கார் எடுத்துக்கொண்டு இந்தியக் கடைக்கு ஓடினான், பொடிதான் இருந்தது, பொடிப் பாக்கெட்டோடு திரும்பி வந்தான். அதைப் பார்த்து, வயிற்று வலியிலும் அவள் சிரித்த சிரிப்பு! கடைசியில் அந்த நர்ஸே, ஐரிஷ்காரி, தாலிக்கு மேல் வெள்ளைப் பிளாஸ்திரியை ஒட்டி நெஞ்சோடு பதித்துவிட்டாள். மயக்கத்திலிருந்து கண் விழித்ததும் அவள் முதலில் தொட்டது அந்தப் பிளாஸ்திரியை. அந்த உலகம்மைதான் இன்று காலையில் நாட்காட்டித் தாளில் மடித்துக் கொடுத்தது. இடையில் என்ன நடந்தது? நடந்தது ஊர் திரும்பியது. திரும்பலாம் என்றவன் இவன். பிள்ளை வேலைக்குப் போய்விட்டாள், இனி நமக்கு என்ன அங்கே, டவுனில் வீடு, காலையில் ஆற்றுக் குளியல், இப்படி என்னென்னவோ சொன்னான். அவள் அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தாள். அவளுக்கென்று ஒரு கார், சனிக்கிழமை நீச்சல் தோழிகள், பின்வாசலில் அவள் வைத்த எலுமிச்சை. சரி என்றாள். அந்தச் சரியை அவன் திருப்பிப் பார்க்கவில்லை, அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். இன்றும் அவள் செல்பேசியைத் திறந்தால் முதலில் வருவது பெர்த்தின் வானிலை. இங்கே வெயில் கொளுத்தும்போது, “அங்க மழை,” என்பாள், யாரிடம் என்றில்லாமல். போன மாசம் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள், “நான் மட்டும் போனா என்ன?” எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். எத்தனை நாளைக்கு என்றாவது கேட்டிருக்க வேண்டும். அவன் கேட்டது, “கல்யாணத்தை வச்சுக்கிட்டு இப்ப என்ன பேச்சு?” அவளும் விட்டுவிட்டாள். “சரி, கல்யாணம் முடியட்டும்.” அன்றிலிருந்து அந்தக் கல்யாணம் முடியக் கூடாது என்றுகூட அவனுக்கு ஒரு மனசு. வேண்டுமென்றே பாக்குமட்டைக்காரரை இரண்டு தடவை மாற்றினான். விதை வைத்த பத்திரிகைத் தாளில் கத்தரி விதையா துளசி விதையா என்று ஒரு வாரம் இழுத்தான். ஆதிரை நினைத்தாள், அப்பாவுக்கும் இயற்கை மேல் அக்கறை வந்துவிட்டது என்று.

பொட்டலத்தைப் பிரித்தான். கையில் வைத்து அதை அவன் பார்த்ததே இல்லை. கட்டியபோதுகூட நாதஸ்வரம் காதைப் பிளக்க, முடிச்சுச் சரியாக விழ வேண்டுமே என்றுதான் கண் இருந்தது. முடிச்சைப் பார்த்தான், தாலியைப் பார்க்கவில்லை. நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. மேலே இருந்த கோடுகள் எல்லாம் தேய்ந்து வழவழப்பாகி, நடுவில் ஏதோ உருவம் இருந்ததற்கான ஒரு மேடு மட்டும் மிச்சம். லிங்கமா, பூவா? கீழ் ஓரத்தில் இரண்டு சின்னப் பள்ளம். இது என்ன என்று வெளிச்சத்துக்குத் திருப்பினான். பல். ஆதிரையின் பால் பல். மடியில் கிடந்து தாலியைக் கடிப்பாள், உலகம்மை பிடுங்குவாள், மறுபடி கடிப்பாள். “இவ ஒருநாள் இதைத் தின்னுதான் தீர்ப்பா.” இதோ, தின்னத்தான் போகிறாள். அவனுக்கு ஒரு கணம் எல்லாம் சரியாகிவிட்டதுபோல இருந்தது. தாய் பிள்ளைக்குக் கொடுக்கிறாள், அவ்வளவுதானே, இதில் நமக்கு என்ன குழப்பம். மறுகணமே அந்தத் துண்டு, அந்த நீலக்கட்டம், பிரிந்து தொங்கிய நூல். வீட்டுக்குள் அவள் துண்டு போடுகிற வழக்கம் உண்டா? குளித்திருந்தால் தலையில்தானே கட்டுவாள்? மறைக்கப் போட்டாளா? இருக்கிறதை மறைக்க வேண்டியதில்லை. அப்படியானால். ஆனால் புதுக் கயிற்றைக் கட்டியதும் கழுத்தெல்லாம் மஞ்சள் ஈரம் படும், அதற்காகவும் போட்டிருக்கலாம். போட்டிருக்கலாம். மூசை காய்ந்துகொண்டிருந்தது.

“அண்ணாச்சி.”

“ஒரு நிமிஷம் ஆசாரி, ஒரு போன்.” முடுக்குக்கு வந்தான். எதிர்வீட்டுப் படியில் ஒரு பூனை அவனையே பார்த்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. உலகம்மை எடுத்தாள். பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம்.

“ஆச்சா?”

“இல்ல. இனிமேத்தான்.” எப்படிக் கேட்பது? “உலகா, உன் கழுத்துல என்ன இருக்கு?”

தண்ணீர் நின்றது. குழாயை மூடியிருக்கிறாள்.

“என்ன கேக்கிய?”

“இல்ல... காலைல கயிறு கட்டினியா, மஞ்சள் வச்சு. ஆசாரி கேட்டாரு.” ஆசாரி தலையில் போட்டான்.

கோபப்படுவாள் என்று காத்திருந்தான். சிரித்தால்கூடத் தேவலை. “அரைமணி நேரம் எம்முன்னால உக்காந்து காப்பி குடிச்சிய,” என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “பாக்கலையா?”

“பார்த்தேன். துண்டு போட்டிருந்த.”

“துண்டப் பாத்தியளாக்கும்.”

“உலகா, வேணும்னா இதை உருக்க வேண்டாம். திருப்பிக் கொண்டாந்துடறேன். பாப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

“அது பிள்ளைக்குக் குடுத்தது. அதப் போடச் சொல்லுங்க. அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீய.” பிறகு, வைக்கப் போகிறாள் என்று நினைத்தபோது, “கழுத்துல என்ன இருக்குன்னு வீட்டுக்கு வந்து பாருங்க. போன்ல சொல்லுறதுக்கில்ல,” என்றாள். தண்ணீர் மறுபடி விழ ஆரம்பித்தது. வைத்துவிட்டாள்.

உள்ளே வந்து தாளோடு நீட்டினான். ஆசாரி கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தாலியை மட்டும் இடுக்கியால் எடுத்து மூசைக்குள் விட்டார். ஊதினார். தீ நீலமாகி, ஊசியாகி, குனிந்தது. முதலில் ஒன்றும் ஆகவில்லை. மோதிரம் சிவந்தது, தாலியும் சிவந்தது, இரண்டும் அந்நிய வீட்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த விருந்தாளிகள்போல விறைப்பாக இருந்தன. கைலாசம் பல் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இதையாவது பார்ப்போம். கண்ணைக் கொட்டக் கூடாது. ஓரம் வியர்த்தது, மேடு தாழ்ந்தது, பள்ளம் இரண்டும் ஒரு கணம் ஆழமானதுபோலத் தெரிந்தன, அடுத்து அங்கே தடமும் இல்லை, ஓரமும் இல்லை, மோதிரமும் இல்லை. ஒரு சொட்டு. நடுங்கியது. அவ்வளவு பெரிய குழியைத் தோண்டின காலமெல்லாம் அவன் தங்கம் உருகிப் பார்த்ததில்லை. அது வேறு ஷிப்ட், வேறு கட்டடம். இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. “எது எதுன்னு இனி அந்த ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது,” என்றார் ஆசாரி திருப்தியாக. கைலாசம் மூசையிலிருந்து கண்ணை எடுத்தான். பூஜைத் தட்டில் வெற்றிலை, பழம், மஞ்சள் துண்டுகள், ஒரு கண்டு நூல். புதுத் தாலி கோக்க வைத்தது. “ஆசாரி, இதுல ஒரு மஞ்சளும் கொஞ்சம் நூலும் எடுத்துக்கிடட்டா?” அவர் ஏற இறங்கப் பார்த்தார். நூலை முழம் போட்டு அறுத்துக் கொடுத்தார். மஞ்சளில் தடவி எடுத்துக்கிடுங்க என்று மட்டும் சொன்னார்.

ஸ்கூட்டரில் வரும்போது சட்டைப் பையில் கனமே இல்லை. அவள் ஏற்கெனவே கட்டியிருந்தால் இது எதற்கு? கேலி பண்ணுவாள், அன்றைக்குப் பொடி, இன்றைக்குக் கிழங்கு என்பாள். கட்டியிருக்காவிட்டால் இதை எடுத்து நீட்டுகிற தைரியம் வருமா? நீட்டினால் அதற்கு என்ன அர்த்தம்? இரு என்றா, போய்விட்டு வா என்றா, நானும் வரட்டுமா என்றா? கட்டுகிறேன் என்பதும் கேட்கிறேன் என்பதும் ஒன்றா? முன்பு ஒருதடவை கட்டினான், கேட்கவில்லை. கேட்டது பெரியவர்கள். சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றுகொண்டிருந்தான், பின்னால் ஒருவன் ஏதோ திட்டிக்கொண்டு தாண்டினான். எதையும் தீர்மானிக்க முடியவில்லை. பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் தெளிவாக இருந்தது.

அவள் பின்வாசலில் துணி துவைக்கிற கல்லருகே நின்றாள். முதுகு இந்தப் பக்கம். துண்டு கொடியில் கிடந்தது. கொண்டையைத் தூக்கிப் போட்டிருந்ததால் பிடரி முழுக்கத் தெரிந்தது, முடிக் கற்றை இரண்டு ஒட்டிக்கொண்டு, இத்தனை வருஷம் கயிறு கிடந்த இடம் மற்ற இடத்தைவிட ஒரு மாற்று வெளுத்து ஒரு கோடாக. கயிறு இல்லை. கோடு இருந்தது. கைலாசம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் திரும்பவில்லை.

“பாத்தாச்சா?”

“பார்த்தேன்.”

“உருக்கியாச்சா?”

“ஆச்சு.” பையிலிருந்து எடுத்தான். உள்ளங்கையில் மஞ்சள் ஒட்டியது. “உலகா, நீ மட்டும் போனா என்னன்னு கேட்டியே. எங்கன்னு நான் கேக்கல.” வலக்கையை நீட்டினான். “இப்பக் கேக்கறேன். அப்புறம், இது. வேணும்னா.”

அவள் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையை. மஞ்சளையும் நூலையும் பார்த்தபோது உதட்டோரம் ஏதோ அசைந்தது, பொடிப் பாக்கெட்டின் நினைவாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். இரண்டு கையும் முழங்கை வரை சோப்பு நுரை.

“கை ஈரமா இருக்கு,” என்றாள். “அங்க வைங்க.”

எங்கே என்று சொல்லவில்லை. கல்லின் மேல் தண்ணீர். படியில் எறும்பு. ஜன்னல் திட்டில் அவளுடைய செல்பேசி. வைத்துவிட்டு உள்ளே போகலாம், அப்படித்தான் சொன்னாளோ. அவன் வைக்கவில்லை. கொடியிலிருந்து துண்டை எடுத்து இடக்கையால் அவளிடம் நீட்டினான். அவள் வாங்கித் துடைக்க ஆரம்பித்தாள், ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல். அவள் கை காயட்டும் என்று, மஞ்சளும் நூலும் இருந்த வலக்கையை நீட்டியபடியே நின்றான்.